மூன்று முறை ஜனவரி ஒன்று

மார்ச் 3, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதிக்கொண்டது. நான் நன்றாக இருக்கிறேன், இடுப்பளவு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி? நாள் பூராவும் கடையில் நிற்கிறீர்கள், ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் உங்களோடு இருக்கும் அந்த மனிதரை மட்டும் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

என் கடிதத்தைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். யாரும் சாகவில்லை. நல்ல செய்திதான்! பதினோரு வருஷமாக நான் பெருக்கிய பேருந்து நிலையத்தில் தொலைந்த சாமான் அறை இருக்கிறதே, அதன் சாவி இப்போது என் இடுப்பில் தொங்குகிறது. ஜனங்கள் பஸ்ஸில் விட்டுப்போகும் குடை, பை, கண்ணாடி எல்லாம் இங்கேதான் வந்து சேரும். முன்பு இருந்தவர் 'இது என் போன், இதுவும் என் போன்' என்று ஏழு போனை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவரையும் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த அறைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும்.

மேற்பார்வையாளர் மூச்சு விட்டால் மூக்கில் விசில் அடிக்கும். அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் விசில். அவர்தான் என்னைக் கூப்பிட்டு, "எந்தக் குடை எந்த பஸ்ல வந்துச்சுன்னு உனக்குத்தாம்மா தெரியும். மூணு மாசம் பாரு. மே இருபத்தெட்டாம் தேதி தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்து பதிவேட்டைப் பார்ப்பாங்க. சரியா இருந்தா வேலை உனக்கு. இல்லேன்னா பழையபடி துடைப்பம்தான்" என்றார்.

சந்தோஷத்தில் முதலில் அந்த மனிதருக்குத்தான் போன் போட்டேன். உங்கள் கணவர், என் கூடப்பிறந்த அண்ணன், ஆபீஸ் கணக்கர், படித்தவர். என்ன சொன்னார் தெரியுமா? "உனக்கு எழுத வராது. நாலு பேர் முன்னாடி அவமானப்படாதே. வேண்டாம்னு சொல்லிடு." போனை வைத்துவிட்டேன். இனி நான் பேசுவதாக இல்லை.

ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை, அண்ணி. மூன்றாம் வகுப்பில் டீச்சர் நடப்பது போல நடந்து காட்டிவிட்டு வெளியே வந்தவள் நான். பதிவேட்டில் சாமான் என்ன, எப்படி இருக்கிறது, என்றைக்கு வந்தது எல்லாம் எழுத வேண்டும். முன்னவர் நாற்பத்து மூன்று வரியில் 'கருப்புக் குடை ஒன்று' என்று எழுதி வைத்திருக்கிறார். எனக்கு ஒரு வரி எழுதக் கால்மணி நேரம் ஆகிறது, அதற்குள் இன்னும் நாலு கருப்புக் குடை வந்துவிடுகிறது. இந்தக் கடிதத்தையே மூன்று ராத்திரியாக எழுதுகிறேன்.

அதனால் ஒரு யோசனை. எழுதுவதற்குப் பதில் படம் எடுத்து ஒட்டிவிட்டால்? விசிலிடம் கேட்டேன். "போன்தான் கூடாது, கேமரா பரவாயில்ல" என்றார். நீங்கள் கேமரா விற்கும் கடையிலேயே நிற்கிறீர்கள். எனக்கு ஒன்று சொல்லுங்கள். என் கோட்டுப் பையில் அடங்க வேண்டும், தினமும் உழைக்க வேண்டும், விலையைக் கேட்டு மயக்கம் வரக் கூடாது.

போன் போட்டால் அந்த மனிதர்தான் எடுப்பார், அதனால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் கடிதம்தான். கையும் பழகும், உங்களுக்கும் பொழுதுபோகும்.

உங்கள் வாயாடி


மார்ச் 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஸ்டூல் கேட்டேன், முதலாளி அதில் தானே உட்கார்ந்துகொண்டார். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் சந்தோஷம்.

உனக்கு வேண்டியதைக் கடையில் காம்பேக்ட் கேமரா என்போம். மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று தட்டையாக, வெள்ளி நிறத்தில், பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஆனால் அதன் பேட்டரியைத் தினமும் சார்ஜில் போட வேண்டும், அது போய்விட்டால் அதே பேட்டரியைத் தேடி அலைய வேண்டும். இரண்டாவது கொஞ்சம் தடிமன். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் செல் இரண்டு போட்டால் ஓடும், பொத்தான்களும் பெரியவை. மூன்றாவதற்கு லென்ஸ் வெளியே நீண்டுகொண்டு வரும். எதிர்த் தெருவில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைக்கூட எடுக்கலாம், விலையும் அதற்கேற்றபடிதான்.

மெகாபிக்சல் அதிகம், மெகாபிக்சல் அதிகம் என்று கடையில் நாங்கள்தான் கத்துவோம். அதை நம்பாதே. பதிவேட்டில் ஒட்டப்போகும் சின்னப் படத்துக்கு மூன்றும் போதும். கிட்டத்தில் வைத்து எடுத்தால் தெளிவாக விழுகிறதா, இருட்டு அறையில் எடுக்கிறதா, கையில் பிடிக்க வாகாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்.

இன்னொன்று. 'கருப்பு' என்று எழுதாதே, வல்லின 'ற' போட்டுக் 'கறுப்பு' என்று எழுது என்று ×××××××××× ஒரு புத்தகத்தில் போட்டிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். யோசித்து எழுது.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 17, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதினால் கை பழகும் என்பதற்காக. உங்கள் முழங்காலுக்கு என் தனி வணக்கம்.

முதலில் காம்பேக்ட் என்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். நான் காம்பேக்ட் வாங்கப்போகிறேன் என்று டிக்கெட் கவுண்டர்ப் பெண்ணிடம் சொன்னேன், "இந்த வயசுல பவுடர் டப்பா எதுக்குக்கா? யாரைப் பார்க்கப் போறே?" என்று கேட்டாள். "குடையைப் பார்க்கப் போறேன்டி" என்றேன்.

மூன்றையும் மாப்பிள்ளை பார்ப்பது போல உட்காரவைத்துப் பார்த்தேன். வெள்ளிக்காரன் லட்சணம்தான், ஆனால் தினமும் சாப்பாடு ஊட்டிவிட வேண்டும். என் அறையில் ஒரே ஒரு பிளக்கு, அதில் மின்விசிறி ஓடுகிறது. விசிறியை நிறுத்தினால் விசிலின் மூக்குச் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கும். நீட்டு மூக்கன் எனக்கு எதற்கு? குடை என்ன எதிர்த் தெருவிலா இருக்கிறது, மூக்குக்குக் கீழே குவிந்து கிடக்கிறது. எனக்கு அந்தக் குண்டன்தான் சரி. போட்டதைத் தின்பான், கேட்டதைச் செய்வான். குண்டனையே பேசி முடியுங்கள்!

நீங்கள் மை பூசி அடித்த சொல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'சொல்லச் சொன்னா' வரைக்கும் தெரிகிறது. அண்ணி, அந்தப் புத்தகத்துக்கு முன்வழுக்கை உண்டா?

கறுப்பு, கறுப்பு, கறுப்பு. போதுமா?

உங்கள் வாயாடி


மார்ச் 25

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய், உன் எழுத்தே சொல்கிறது.

குண்டன் புறப்பட்டுவிட்டான். கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்தது, அடியில் ஒரு கீறல் இருக்கிறது. அந்தக் கீறலைக் காட்டி முதலாளியிடம் அரைநாள் வாதாடி விலையைக் குறைத்தேன். நீ அனுப்பிய பணத்திலேயே நினைவு அட்டை இரண்டும் வாங்கிவிட்டேன். படங்கள் அதில்தான் சேரும். ஓர் அட்டை நிறைந்ததும் எனக்கு அனுப்பு, இங்கே சின்னதாக அச்சுப் போட்டுத் தருகிறேன்.

படத்தின் ஓரத்தில் தேதி தானாக விழும்படி வைத்திருக்கிறேன், 'என்றைக்கு வந்தது' என்று நீ தனியாக எழுத வேண்டாம். நல்ல யோசனை இல்லையா? தபாலில் போகும்போது ஒழுகக் கூடாதென்று செல்களைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன்.

முதல் படம் எடுத்ததும் எழுது. இங்கே காத்துக்கொண்டிருக்கிறோம்.

அண்ணி


ஏப்ரல் 7, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

குண்டன் வந்துவிட்டான்! நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்!

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் தேதி, தபால்காரர் நிலையத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியைப் பிரிக்க எனக்குப் பொறுமை இல்லை, பல்லால் கடித்தேன். செல்லைப் போட்டேன். 'டிங்' என்று ஒரு சத்தம், லென்ஸ் கண்ணை உருட்டிக்கொண்டு வெளியே வந்தது, நான் ஓரடி பின்னால் போய்விட்டேன். திரையில் என்னவோ கேட்டது. நான் சரி, சரி, சரி என்று சரிப் பொத்தானையே அழுத்தினேன். அடங்கிவிட்டது. வீட்டில் ஆம்பிளைகள் கேள்வி கேட்டால் நாம் செய்வது அதுதானே?

முதல் படம் விசில். மூக்கு மட்டும் விழுந்தது. இரண்டாவது படம் என் கட்டைவிரல். மூன்றாவது ஒரு குடை. அண்ணி, அந்தக் குடையைச் சின்னத் திரையில் பார்த்தபோது எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு நொடியில் ஒரு வரி எழுதிவிட்டேன்! பேனா இல்லாமல், எழுத்துப் பிழை இல்லாமல்! சனிக்கிழமைக்குள் ஐம்பத்தொரு சாமான் முடித்துவிட்டேன். முழுசாக ஒரு படம், அடையாளம் இருக்கும் இடத்தில் ஒரு படம், பையாக இருந்தால் உள்ளே ஒரு படம்.

ஒரு கஷ்டம். பளபளவென்று இருக்கும் சாமானை எடுத்தால் வெளிச்சம் அடித்து வெள்ளையாகப் போய்விடுகிறது. ஒரு டிபன் டப்பா சூரியன் போல இருக்கிறது. என்ன செய்ய?

பெட்டியின் மேல் முகவரி எழுதியது யார்? 'ழ'வுக்கு அப்படி வாலை இழுத்துவிடும் கை எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றுதான். கேட்டேன், அவ்வளவுதான்.

உங்கள் முழங்காலுக்கு முத்தம்.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

கடையில் ஆண்டுக் கணக்கெடுப்பு, அதனால் தாமதம். சுகமாக இருக்கிறோம்.

மின்னல் போன்ற குறியுள்ள பொத்தானை அழுத்தி ஃபிளாஷை நிறுத்து. டப்பாவை ஜன்னலோரம் வைத்து எடு. சின்ன எழுத்து, கீறல், தையல் மாதிரி இருப்பதை எடுக்கப் பூக் குறியை வைத்துக்கொண்டு கிட்டே போ. கை ஆடாமல் இருக்க முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்து, அதற்காக அப்படியே நின்றுவிடாதே.

விசிலின் மூக்குப் படத்தை அழிக்காமல் வைத்திரு, பார்க்க வேண்டும்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

அண்ணி


மே 12, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். முகவரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேன், நீங்கள் ஃபிளாஷைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள். சரி, சரி, சரி. எனக்குத்தான் அந்தப் பொத்தான் நன்றாகத் தெரியுமே.

நாலைந்து வாரம் எழுத முடியவில்லை. ஏனென்றால் என் அறையில் இப்போது கூட்டம்! முன்பெல்லாம் 'குடை வந்ததா' என்று கேட்டால் நாற்பது குடையைக் கொட்டித் தேட வேண்டும். இப்போது முதலில் அவர்களைச் சொல்லச் சொல்வேன், பிறகு குண்டனைத் திருப்பிக் காட்டுவேன். போன வாரம் இரண்டு பெண்கள் ஒரே கறுப்புக் குடைக்குச் சண்டை.

"கைப்பிடியில என்ன அடையாளம்?" என்று கேட்டேன்.

"கைப்பிடிதான் அடையாளம்" என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "பல் தடம் இருக்கும்" என்றாள்.

"நாய் வளர்க்கிறீங்களா?"

"இல்ல, எங்க வீட்டுக்காரரு. டிவியில மேட்ச் பார்க்கும்போது எது கையில இருந்தாலும் கடிப்பாரு."

பூக் குறியில் எடுத்த படத்தைக் காட்டினேன். கடவாய்ப்பல் வரைக்கும் தெளிவு! எல்லோரும் கை தட்டினார்கள், சண்டைக்கு வந்தவளும்தான். இந்த மாசம் ஒரு பல்செட் வேறு வந்திருக்கிறது. வாயில் இருந்தது எப்படி பஸ்ஸில் விழும்? கொட்டாவி விட்டிருப்பார். படத்தில் அது சிரித்துக்கொண்டே இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதீர்கள். படம் எடுக்கப் போய்த்தான் எனக்குத் தெரிகிறது, ஒரு கறுப்புக் குடை போல இன்னொரு கறுப்புக் குடை இல்லை. ஒன்றுக்குக் கம்பி வளைந்திருக்கிறது, ஒன்றில் ஒட்டுப் போட்டிருக்கிறது. இப்போது படத்துக்குப் பக்கத்தில் நாலு சொல் எழுதிப் பார்க்கிறேன். கால்மணி நேரம் ஐந்து நிமிஷமாகிவிட்டது.

அட்டை ஒன்று நிறைந்துவிட்டது, இதோடு அனுப்புகிறேன். குண்டன் இரண்டு தடவை செல் தீர்ந்து படுத்துவிட்டான், புதுசு போட்டதும் எழுந்துகொண்டான். வழக்கம் போல ஏதோ கேட்டான், வழக்கம் போல சரி என்றேன். இருபத்தெட்டாம் தேதிக்குள் அச்சு வர வேண்டும், அண்ணி. சீக்கிரம்!

உங்கள் வாயாடி


மே 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அச்சு எல்லாம் இதோடு அனுப்புகிறேன், ஒரு பிரதி இங்கேயும் இருக்கிறது. படங்கள் அருமை. பல்செட்டைப் பார்த்துக் கடையே சிரித்தது. ஆனால் ஓரத்தில் இருக்கும் தேதியைப் பார். எல்லாமே ஜனவரி. அதுவும் ஜனவரி 1-இல் தொடங்கி 15 வரை போகிறது, மறுபடி ஜனவரி 1 வருகிறது, இன்னொரு தடவையும் வருகிறது. உன் அறையில் மூன்று முறை புது வருஷம் பிறந்திருக்கிறது.

தப்பு என்னுடையது. கடையில் தேதியைச் சரியாக வைத்துவிட்டு, தபாலுக்காக நானே செல்லைக் கழற்றினேன். செல் இல்லாவிட்டால் அது தேதியை மறந்துவிடும். புதுச் செல் போட்டதும் 'இன்று என்ன தேதி' என்று கேட்கும். நீ சரி என்று சொல்லியிருக்கிறாய். அதற்குத் தெரிந்த ஒரே தேதி ஜனவரி ஒன்றுதான்.

படத்திலேயே அச்சாகிவிட்டதால் அழிக்க முடியாது. மறுபடி எடுக்கலாம் என்றால் பாதிச் சாமான் சொந்தக்காரரிடம் போயிருக்கும். செல் மாற்றிய நாட்கள் நினைவிருக்கிறதா? இருந்தால் உடனே எழுது. இன்றைய தேதியை எப்படி வைப்பதென்று தனித் தாளில் படம் போட்டிருக்கிறேன், முதலில் அதைச் செய்.

அண்ணி


மே 19, ஞாயிறு

அண்ணி,

தேதியை வைத்துவிட்டேன். இனி வரும் படங்கள் சரி. ஆனால் ஒட்ட வேண்டிய நூற்று நாற்பத்து நாலு படமும் ஜனவரியில் நிற்கிறது. நான் இந்த அறைக்கு வந்ததே மார்ச் மாசம். அதிகாரி பார்த்தால் எழுதத் தெரியாதவள் என்று மட்டும் நினைக்க மாட்டார், பொய்க்காரி என்று நினைப்பார். ஏழு போன் கொண்டுபோனவரின் நாற்காலி இது.

செல் போட்ட நாட்கள் நன்றாக நினைவிருக்கிறது. முதல் செல் ஏப்ரல் 2, தபால்காரர் வந்த நாள். இரண்டாவது ஏப்ரல் 17, விசில் மூக்கைக் காட்ட டாக்டரிடம் போன நாள். மூன்றாவது மே 3, பல்செட் வந்த நாள்.

எந்த ஜனவரிக்கு எந்தத் தேதி என்று ஒரு கணக்கு வேண்டும். அந்த முன்வழுக்கைப் புத்தகத்திடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். ஆமாம், நான் கேட்டதாகவே சொல்லுங்கள். இருபத்தெட்டாம் தேதிக்குள் என் கையில் இருக்க வேண்டும்.

முழங்கால் நலம்தானே?

வாயாடி


மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று ஞாயிறு இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். நீங்கள் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள். தபால்காரரைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் கழுத்து நீண்டுவிட்டது. ஒன்பது நாள், ஒரு வரி இல்லை.

சனிக்கிழமை வரைக்கும் பார்த்தேன். பிறகு நானே விரலை விட்டு எண்ண உட்கார்ந்தேன். செல் போட்ட நாள்தான் முதல் விரல். பஸ்ஸில் ஏறுகிற இடமே முதல் ஸ்டாப் இல்லையா, அப்படி. ஏப்ரல் 2 ஜனவரி 1. ஏப்ரல் 3 ஜனவரி 2. இப்படியே ஒவ்வொரு படமாக எண்ணி, பக்கத்தில் சிவப்புப் பேனாவால் சரியான தேதியை எழுதினேன். விசிலிடம் கேட்டுப் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன், ஞாயிறு பூராவும் அதுவே வேலை.

இன்று பத்து மணிக்குத் தலைமை ஆபீஸ் அம்மாள் வந்தார். குட்டையாக, ஒரு பெரிய பையோடு. பதிவேட்டைத் திறந்தார். புருவம் மேலே போனது, இறங்கவே இல்லை.

"என்னம்மா இது? எல்லாச் சாமானும் ஜனவரியிலயே தொலைஞ்சிருக்கு?"

"அது கேமராவோட ஜனவரி மேடம். அது கண்ணு முழிச்ச நாள்தான் அதுக்கு ஒண்ணாம் தேதி. நம்ம தேதி பக்கத்துல சிவப்புல இருக்கு."

"மூணு தடவை முழிச்சிருக்கே?"

"நடுவுல தூங்கிடுச்சு மேடம். உங்க ஆபீஸ்ல யாரும் தூங்க மாட்டாங்களா?"

பக்கத்தில் விசிலுக்கு விசிலே நின்றுவிட்டது.

"நீ எண்ணினது சரின்னு நான் எப்படி நம்பறது?" என்றார் அம்மாள். சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் என் கை துடைப்பத்தைப் பிடித்தது போலவே இருந்தது, அண்ணி. அப்போதுதான் வாயில் வந்தது.

"மேடம், ஞாயித்துக்கிழமை இந்த ரூம் பூட்டு. நான் வர மாட்டேன், படமும் எடுக்க மாட்டேன். நான் எண்ணினது தப்புன்னா ஏதாவது ஒரு படம் ஞாயித்துக்கிழமைல போய் விழணும். ஒண்ணு காட்டுங்க, சாவியைக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

அம்மாள் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்தார். பென்சிலை எடுத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். ஏப்ரல் ஏழு, இல்லை. பதினாலு, இல்லை. இருபத்தொன்று, இல்லை. நூற்று நாற்பத்து நாலு படத்தில் ஒன்றுகூட ஞாயிற்றுக்கிழமையில் விழவில்லை!

அதோடு விட்டாரா? "படம் சரி. எழுத வருமா?" என்று தன் பையைத் தூக்கி மேஜையில் வைத்தார். "இது இப்பத்தான் பஸ்ல கிடைச்சுது. எழுது."

எழுதினேன். அப்படியே இங்கே எழுதுகிறேன்: 'பழுப்புத் தோல் பை. ஜிப் பாதியில் நிற்கும். வாரில் இரண்டு தையல் வேறு நூல், வீட்டில் தைத்தது. உள்ளே மூக்குக் கண்ணாடி இரண்டு. அடியில் மிட்டாய்த் தாள் ஏழு. சொந்தக்காரருக்குச் சர்க்கரை இருந்தால் வீட்டுக்குத் தெரியாமல் பையைக் கொடுக்கவும்.'

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மாள் படித்தார். மறுபடி படித்தார். ஒரு மிட்டாய்த் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் டிக்கெட் கவுண்டர்ப் பெண் எட்டிப் பார்த்தாள். போகும்போது விசிலிடம், "துடைப்பத்தை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க" என்றார்.

அண்ணி! வேலை எனக்கு!

உங்கள் வாயாடி


ஜூன் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் அண்ணியின் முழங்கால் சற்றுத் தேவலை. உனக்கு வேலை நிரந்தரமான செய்தியை அவள் உரக்கப் படித்துக் காட்டினாள். நானும் படித்தேன். முந்தையவற்றையும் படித்திருக்கிறேன்.

நீ கேட்ட தேதிக் கணக்கை மே 22-ஆம் தேதியே போட்டு முடித்தேன். அனுப்புங்கள் என்று உன் அண்ணி தினமும் சொன்னாள். நீ அதிகாரி முன்னால் நிற்கப்போகிறாய், என்னால் ஒரு பிழை வந்துவிடக் கூடாதென்று சரிபார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு முறை பார்த்தேன், நான்கு முறையும் சரியாகவே இருந்தது. ஐந்தாவது முறை காலண்டரை வைத்துப் பார்த்தபோது, என் கணக்குப்படி நீ ஏப்ரல் 7-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒன்பது குடைகளைப் படம் எடுத்திருந்தாய். எங்கே பிசகியது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் 28-ஆம் தேதி வந்துவிட்டது.

செல் போட்ட நாளை நான் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டேன், அதனால் ஜனவரி 1 எனக்கு ஏப்ரல் 3 ஆகிவிட்டது. நீ ஒன்று என்று வைத்தாய். நீ வைத்ததுதான் சரி. என் பட்டியலில் இருந்த நூற்று நாற்பத்து நான்கு தேதிகளும் ஒரு நாள் தள்ளி நிற்கின்றன. அதை நீ நம்பி எழுதியிருந்தால் அதிகாரி முன்னால் அந்த ஒன்பது குடைகளும் ஞாயிற்றுக்கிழமையில் நின்றிருக்கும்.

பிப்ரவரியில் நான் போனில் சொன்னதும் அதைப் போன்ற ஒரு கணக்குத்தான். மன்னித்துவிடு என்று எழுதலாம் என்று நினைத்தேன். உன் பதிலை நினைத்துப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 9, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இதை உனக்கே நேராக எழுதி எத்தனை நாளாகிவிட்டது!

உன் கடிதத்தை டிக்கெட் கவுண்டர்ப் பெண்ணிடம் காட்டினேன், விசிலிடம் காட்டினேன், பல்செட்டைத் தேடிக்கொண்டு வந்த பெரியவரிடமும் காட்டினேன். அவர் சிரித்தார், பல்லை மாட்டிக்கொண்டு மறுபடியும் சிரித்தார். ஆபீஸ் கணக்கர், நாலு தடவை சரிபார்த்து, நாலு தடவையும் தப்பு! இனி என் வாழ்நாளுக்கு வேறு பொழுதுபோக்கு வேண்டாம்.

பயப்படாதே. நீ ஐந்தாவது தடவையும் பார்த்தாய் இல்லையா, அதைத்தான் நான் அடிக்கடி படிக்கிறேன்.

வருகிற பதினாறாம் தேதி ஞாயிறு. அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. ஸ்டூல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அது அண்ணிக்கு, நீ நில். சாவி என்னிடம்தான், அறையைத் திறந்து காட்டுகிறேன். விசிலின் மூக்குப் படமும் இருக்கிறது. நீயாகக் கணக்குப் போட்டு ஒரு நாள் தள்ளித் திங்கட்கிழமை வந்து நிற்காதே. அன்றைக்கு எனக்கு வேலை. வந்து நின்றால் குண்டனால் உன்னைப் படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவிடுவேன். பக்கத்தில் விவரமும் நானே எழுதுவேன்.

உன் தங்கை